கண்மாய்த் தண்ணீர்ப் பாம்பும் ஈரி ஏரி நெரோடியாவும்

விரால் பிடிக்க ரப்பர் தவளை வீசுகிறவர்கள் இப்போது தமிழ்நாட்டில் நிறையப் பேர். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயில், ஆகாயத்தாமரை விலகிய சந்தில் ஒருவர் அந்தத் தவளையைத் துள்ளவிட்டு இழுக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் குளமொன்றில், அல்லி இலைகளுக்கு நடுவே, பாஸ் மீனுக்காக இன்னொருவர் அதேபோன்ற தவளையை அதே துள்ளலோடு இழுக்கிறார். இரண்டு நீரிலும் சில வேளை தவளைக்குப் பின்னால் மீனுக்குப் பதில் பாம்பு வந்துவிடும். தவளை தின்று வளர்ந்த பாம்புக்கு ரப்பர் என்று தெரிய வழியில்லை. இதுவரை இருவர் கதையும் ஒன்றுதான். அடுத்த நொடியில் பிரிகிறது. இவர் நாகமோ என்று நரம்பை அறுத்துவிடப் பார்க்கிறார். அவர் அந்நாட்டு விஷக் குழிவிரியனான காட்டன்மவுத் என்று கத்திப் படகைப் பின்னுக்குத் தள்ளுகிறார். பெரும்பாலும் இருவர் சந்தேகமும் தவறு. இங்கே வந்தது தண்ணீர்ப் பாம்பு, அங்கே வந்தது நெரோடியா. இரண்டாலும் மனித உயிருக்கு ஆபத்தில்லை.

நமக்குச் சுவையாக இருப்பது, இந்த இரண்டும் உறவுக்காரர்கள் என்பது. ஃபௌலியா பிஸ்கேட்டர் என்று இன்றைய வகைப்பாட்டில் பெயர்பெற்ற நம் தண்ணீர்ப் பாம்பும், நெரோடியா என்ற பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நீர்ப்பாம்புகளும் நாட்ரிசினே என்ற ஒரே துணைக்குடும்பத்துக் கிளைகள். ஆசியாவில் கிளைத்த அந்தக் குலத்தில் ஒரு கூட்டம், இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, பெரிங் நிலப்பாலம் வழியாக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அங்கே போனவர்களின் வாரிசு நெரோடியா. இங்கே தங்கியவர்களின் வாரிசு, வயல் வாய்க்காலில் கால் வைத்ததும் சரேலென்று ஓடும் நம் பாம்பு.

உறவை உடம்பிலேயே பார்க்கலாம். இரண்டுக்கும் முதுகுச் செதில்களின் நடுவில் ஒரு மேடு ஓடுகிறது. இரண்டுக்கும் கண்மணி வட்டம். பிடித்தால் இரண்டும் தயங்காமல் கடிக்கும், ஒருமுறையோடு நிறுத்தாது, கூடவே வாலடியிலிருந்து குமட்டும் நாற்றத்தைப் பீய்ச்சும். முகத்தில்கூட ஒரு குடும்பச் சாயல் உண்டு. தண்ணீர்ப் பாம்பின் கண்ணுக்குக் கீழே ஒன்றும், கண்ணுக்குப் பின்னாலிருந்து வாயோரம் நோக்கி ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்ந்து இறங்கும். நெரோடியாவின் உதட்டுச் செதில்கள் சந்திக்கும் இடங்களில் கறுப்புக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். முதுகுக் கோலம் ஆளுக்கு ஆள் மாறும், வயதாக ஆக மங்கும். சேறு பூசினால் இரண்டும் வெறும் பழுப்பு. முகத்து மைக்கோடு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. தூரத்திலிருந்தே கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்க வசதி வந்துவிட்ட காலத்தில், முதுகை விட்டு முகத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிள்ளைப்பேற்றில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். தண்ணீர்ப் பாம்பு முட்டையிடுகிறது. கரைப் பொந்திலும் வளையிலும் வைத்த முட்டைகளை நம் ஊர் வெப்பமே பொரித்துக் கொடுத்துவிடும். நெரோடியா குட்டி போடுகிறது. அமெரிக்கா போன நாட்ரிசினே கிளை முழுவதுமே அப்படித்தான். முட்டையிடும் இனம் ஒன்றுகூட அங்கே இல்லை. குளிர் நாட்டு மண்ணில் முட்டையை விட்டுவைப்பதைவிட, வயிற்றில் சுமந்துகொண்டு வெயில் விழும் கிளையாகத் தேடித் தாய் படுத்துக்கிடப்பது பாதுகாப்பு. மீன்பிடிப்பவர் அனுபவத்திலும் இது வித்தியாசமாக வந்து விழுகிறது. நீருக்கு மேல் தாழ்ந்த கிளையில் வெயில் காயும் பாம்பு, அடியில் படகு வந்ததும் மிரண்டு குதித்துப் படகுக்குள்ளேயே விழுவது அமெரிக்க மீன்பிடிக் கதைகளில் ஓயாத கதை. 'பாம்பு என்மேல் பாய்ந்தது' என்றுதான் அதைச் சொல்வார்கள். அது தண்ணீரைக் குறிவைத்தது, படகு குறுக்கே வந்தது, அவ்வளவுதான். நம் பாம்பு மரமேறி வெயில் காய்வதில் அத்தனை நாட்டமில்லாதது; மதகுக் கல்லிலும் கோரைப் புதரிலும் கிடக்கும், அல்லது தலையை மட்டும் நீர்மட்டத்தில் வைத்து அசையாமல் காத்திருக்கும். ஆகவே நம்மவர் கதைகளில் அது மேலிருந்து விழுவதில்லை, காலுக்கடியிலிருந்து கிளம்புகிறது.

இனி மிரட்டலுக்கு வருவோம். இந்த ஒப்பீட்டின் மையம் அதுதான்.

தப்ப வழியில்லாதபோது தண்ணீர்ப் பாம்பு முன்னுடலைத் தூக்கிக் கழுத்து விலா எலும்புகளை விரிக்கிறது. கழுத்து தட்டையாகிறது. பார்க்கிறவர் உடனே 'படமெடுக்குது' என்கிறார். தப்ப வழியில்லாதபோது நெரோடியா உடலைத் தரையோடு அழுத்தித் தாடையின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீள்தலை முக்கோணமாகிறது. பார்க்கிறவர் உடனே காட்டன்மவுத் என்கிறார். எலும்பை விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும் உத்தி இரண்டிலும் ஒன்றே. அதை நாகம் என்று படிக்கக் கற்றவர்கள் இங்கே, குழிவிரியன் என்று படிக்கக் கற்றவர்கள் அங்கே. ஸ்பெயினிலும் தெற்கு பிரான்ஸிலும் வாழும் நாட்ரிக்ஸ் மௌரா என்ற மூன்றாவது பங்காளியையும் கூப்பிட்டுப் பார்த்தால், அதுவும் தலையைத் தட்டையாக்குகிறது, அந்நாட்டுக்காரர்கள் அதை அவர்கள் ஊர் விரியன் என்று அடிக்கிறார்கள். விஷப்பாம்பைப் பார்த்துக் காப்பியடித்த வேஷம் இது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கோலமும் நிறமும் பொருந்தும் இடங்களில் அந்த விளக்கம் வலுவானதுதான். ஆனால் மூன்று நாட்டிலும் ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே அசைவு, மூன்று வெவ்வேறு வில்லன் பெயர் என்று பார்க்கும்போது, வேஷத்தில் பாதியைப் பாம்பு கட்டுகிறது, மீதியைப் பார்க்கிறவர் கட்டிவிடுகிறார் என்றே எனக்குப் படுகிறது.

இதில் ஒரு கசப்பான திருப்பம் இருக்கிறது. கொக்கையும் கீரியையும் பருந்தையும் ஒரு நொடி தயங்க வைப்பதற்கான மிரட்டல் இது. அந்த ஒரு நொடி போதும், பாம்பு தண்ணீருக்குள் போய்விடும். கையில் கம்பு வைத்திருக்கும் மனிதரிடம் மட்டும் இது தலைகீழாக வேலை செய்கிறது. ஓடியிருந்தால் விட்டிருப்பார்; படமெடுத்ததால் அடிக்கிறார். இரண்டு நாட்டிலும் நீர்ப்பாம்புகள் பல சாவது இந்தக் கணத்தில்தான்.

ஆள்மாறாட்டத்தில் மாட்டிவிடும் இரண்டு நிஜ வில்லன்களையும் ஒரு வரியேனும் பார்க்க வேண்டும். காட்டன்மவுத் நீரில் வாழ்கிற பாம்பு. மீனும் தின்னும், நெரோடியாவின் அதே ஓடையிலும் சதுப்பிலும் இருக்கும், தென்மாநிலங்களில் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ஆகவே ஜார்ஜியாக்காரரின் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அட்லாண்டிக் கரையோரத்தில் அதன் வடக்கெல்லை வர்ஜீனியாவின் தென்கிழக்கோடு முடிந்துவிடுகிறது. நியூயார்க்கிலும் மிச்சிகனிலும் ஈரி ஏரிக் கரையிலும் காட்டில் வாழும் காட்டன்மவுத் கிடையாது. இருந்தும் அங்கெல்லாம் அதைப் 'பார்த்தவர்கள்' குறைவில்லை. நாகமோ நீர்வாழ் பாம்பே அல்ல. நீந்தத் தெரிந்த நிலப்பாம்பு. வாய்க்காலைக் கடக்கும், வெள்ளத்தில் அடித்து வரப்படும், கரையோரம் தவளைக்கும் எலிக்கும் காத்திருக்கும். நடுக்கண்மாயில் தூண்டில் தக்கைக்குப் பக்கத்தில் தலை தூக்கி நிற்பது நாகமாக இருப்பது அபூர்வம்.

காட்டன்மவுத்தின் கெட்ட பெயரே எவ்வளவு பொருத்தம் என்பதையும் இருவர் சோதித்தார்கள் என்றால் நம்புவீர்களா? தென் கரோலினாவில் விட் கிப்பன்ஸும் மைக்கேல் டார்கஸும் காட்டில் கண்ட காட்டன்மவுத்துகளை அருகில் நின்றும், மிதித்தும், செயற்கைக் கையால் தூக்கியும் பார்த்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். செயற்கைக் கையால் தூக்கிய 36 பாம்புகளில் அந்தக் கையைக் கடித்தவை 13. மற்றவை வாயைத் திறந்து வெள்ளைப் பஞ்சுபோன்ற உட்புறத்தைக் காட்டின, வாலை அதிர்த்தன, நழுவப் பார்த்தன. தூக்கினால் சட்டென்று கடித்துவிடும் நெரோடியாவையும் நம் தண்ணீர்ப் பாம்பையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விஷமுள்ளது பொறுமைக்காரன், விஷமற்றது முன்கோபி என்றாகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, கையில் வேறு ஆயுதம் இல்லாதவர்தான் முதலில் கத்துவார்.

அடையாளம் காணும் விதிகள் ஊர்விட்டு ஊர் போகும்போது என்ன ஆகின்றன என்பதுதான் அடுத்த கேள்வி. தமிழில் சுற்றும் மீன்பிடிக் காணொளிகளிலும் பகிர்வுகளிலும் மூன்று விதிகள் அடிக்கடி தலைகாட்டும். தலை முக்கோணமாக இருந்தால் விஷம். கண்மணி பூனைக்கண்போல் செங்குத்துக் கீறலாக இருந்தால் விஷம். உடம்பு முழுவதும் நீர்மேல் மிதந்து வந்தால் விஷம். இவை அமெரிக்க நீர்நிலைகளில் பிறந்த விதிகள். அங்கே, பவளப்பாம்பு நீங்கலாக, விஷப்பாம்பு என்றாலே குழிவிரியன் குடும்பம். ஆகவே கண்ணை வைத்துச் சொல்லும் விதி கிட்டத்தட்ட நிற்கும். தலையை வைத்துச் சொல்லும் விதி அங்கேயே தடுமாறும், ஏனென்றால் நெரோடியா தன் தலையையும் முக்கோணமாக்கிக் காட்டிவிடும். அனுபவம் உள்ள அமெரிக்கர் இதைவிட நல்ல குறிப்பு ஒன்று வைத்திருக்கிறார்: நேர் மேலிருந்து பார்த்தால் நெரோடியாவின் கண்கள் தெரியும், காட்டன்மவுத்துக்குக் கண்மேல் கூரைபோல் செதில் நீண்டிருப்பதால் கண்கள் மறைந்துவிடும்.

இதே விதிகளைக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுவந்தால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். நம் ஊரில் உயிர் வாங்கும் நான்கில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் விதிக்குள் அடங்கும். நாகமும் கட்டு விரியனும் அடங்காது. இரண்டுக்கும் தலை முக்கோணமில்லை, கண்மணி கீறலில்லை. விஷமே இல்லாத மலைப்பாம்புக்கும் மண்ணுளிக்கும் பூனைக்கண் இருக்கிறது. விதியை நம்பி நடக்கிறவர் மலைப்பாம்புக் குட்டியை அடித்துவிட்டுக் கட்டு விரியனைக் கையில் எடுப்பார்.

மிதக்கும் விதி இன்னும் மோசம். காட்டன்மவுத் மரக்கட்டைபோல் உடம்பு முழுவதும் மேலே தெரிய நீந்தும், நெரோடியா பெரும்பாலும் தலையை மட்டும் காட்டும் என்பது அமெரிக்கச் சதுப்பில் பயனுள்ள வேறுபாடு. இங்கே வாய்க்காலைக் கடக்கும் சாரையும் உடம்பு மேலே தெரியத்தான் போகும். நாகமும் அப்படித்தான், வெள்ளத்தில் வரும் கண்ணாடி விரியனும் அப்படித்தான். மிதப்பது எதையும் சொல்லவில்லை. மாறாக, முங்குவது ஏதோ சொல்கிறது: ஆள் வருவதைக் கண்டதும் தண்ணீருக்குள் போய் அடியிலேயே தங்கிவிடும் பாம்பு நம் நன்னீரில் பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு, அல்லது மேலே ஆலிவ் பச்சையும் கீழே மஞ்சளுமான அதன் சிறிய உறவு. நிலப்பாம்புகள் தண்ணீரைக் கடக்க வருகின்றன. அவற்றுக்குக் கரை வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே சேர வேண்டும். பழவேற்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கடல் பாம்பு வலையில் ஏற வாய்ப்புண்டு, அதன் விஷம் கொடியது, துடுப்புபோல் தட்டையான வால்தான் அதன் அடையாளம். வலையில் தட்டைவால் தெரிந்தால் அதன்பிறகு கை போகக் கூடாது.

விதிகளை விட்டு எண்களைப் பார்த்தால் தராசு திடீரென்று ஒரு பக்கம் சாய்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது என்றும், இறப்பவர் ஏறத்தாழ 5 பேர் என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்தார்கள், ஆண்டுச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விஷப்பாம்பு தண்ணீரிலேயே வாழும் நாட்டில் சாவு இல்லாத குறை. நன்னீரில் கொல்லும் பாம்பு குடியே இல்லாத நாட்டில் இத்தனை சாவு. இரண்டு நாட்டு மீன்பிடிப்பவர்களும் தண்ணீரைப் பார்த்தே பயப்படுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் முரண் முழுதாகத் தெரியும்.

நம்முடைய ஆபத்து கரையில் இருக்கிறது. தூண்டில் போட இறங்குவதற்கு முன் கடக்கும் ஐம்பது அடியில், வரப்பு எலி வளையில், சீமைக்கருவேலம் முள்ளைக் கழித்துப் போட்ட குவியலில், மதகுச் சுவரின் வெடிப்பில். எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். நெல் விளையும் ஏரிப்பாசனத்தில் எலி இல்லாத வரப்பு ஏது? தண்ணீர்ப் பாம்பு நம்மைக் கண்டதும் ஓடிச் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணாடி விரியன் ஓடாது. காய்ந்த சருகில் சருகாகக் கிடந்து, மிக அருகில் போனபிறகு குக்கர் விசில் கிளம்புவதுபோல் சீறும், சில வேளை சீறவும் செய்யாது. 'கரையில போறப்போ கம்பைத் தட்டிக்கிட்டே போ தம்பி' என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் விலங்கியல் இருக்கிறது. பாம்புக்குக் காதுத்துளை இல்லாவிட்டாலும் தரை அதிர்வது நன்றாகத் தெரியும். அதோடு ஒரு டார்ச்சும் கணுக்கால் மூடிய செருப்பும் சேர்ந்தால், இன்ன பாம்பு என்று தெரியாமலே பெரும்பாலான ஆபத்து கழிந்துவிடும்.

இரவு மீன்பிடிப்பு இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. அமெரிக்கர் கெளுத்திக்குத் தூண்டில் போட்டுவிட்டு மடக்கு நாற்காலியிலோ படகிலோ உட்கார்ந்திருக்கிறார். நம்மவர் துண்டை விரித்துக் கரையிலேயே படுத்துவிடுகிறார். தரையில் படுத்தவரைத் தேடி வருவதுபோல் வந்து சேர்வது கட்டு விரியன். அதன் கடி பல நேரம் வலிப்பதில்லை, தடிப்பதுமில்லை. எறும்பு என்று புரண்டு படுத்தவருக்கு விடியற்காலையில் வயிறு வலிக்கும், இமை தானாகத் தொங்கும். தண்ணீரில் பார்த்த பாம்பை இரவெல்லாம் நினைத்துப் பயந்தவர், பார்க்காத பாம்பால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

பார்க்காமல் கையை உள்ளே விடும் இரண்டு மீன்பிடிப்பு முறைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் ஊரே ஊத்தாவோடு இறங்கும். அடியில்லாத அந்தக் கூடையைக் கலங்கல் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே துடிப்பது எது என்று துழாவுவார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் கோடையில் கரையடிப் பொந்துகளில் முட்டை காக்கும் ராட்சதக் கெளுத்தியை வெறுங்கையால் பிடிப்பார்கள். நூட்லிங் என்று பெயர். பால்ஸ் வேலி என்ற ஊரில் 2000 முதல் இதற்கு ஒரு போட்டியே நடக்கிறது. டெக்சஸ் மாநிலம் 2011-இல்தான் இதைச் சட்டப்படி அனுமதித்தது. ஒன்று ஊர் கூடி வறட்சியை வழியனுப்பும் சடங்கு. மற்றது பரிசுக்கான வீரவிளையாட்டு. ஆனால் விரல் நுனி ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வழுவழுப்பா சொரசொரப்பா என்று விரல் கேட்கிறது. வழுவழுத்தால் விரால், விலாங்கு, கெளுத்தி. சொரசொரத்தால் கையை எடு. கீழைக் குலத்துப் பாம்புக்கும் மேலைக் குலத்துப் பாம்புக்கும் செதிலில் ஓடும் அந்த மேடு, இரு கண்டத்துக் கைகளுக்கும் ஒரே செய்தியைச் சொல்கிறது.

ஊத்தாவுக்குள் கையை விட்டுக் கடி வாங்கியவர்களைக் கேட்டால், தண்ணீர்ப் பாம்பு கடித்ததைவிடக் கெளுத்தி முள் குத்தியதுதான் இரண்டு நாள் கடுத்தது என்பார்கள். நம்பலாம். கெளுத்தி முள்ளுக்கு விஷம் உண்டு, தண்ணீர்ப் பாம்பின் பல்லுக்கு அப்படி இல்லை. நெரோடியா கடித்தால் காயத்துக்கு மிஞ்சி ரத்தம் ஒழுகும், பார்க்கப் பயமாக இருக்கும், அதோடு சரி. கடித்த பாம்பை வெடுக்கென்று உதறுவதுதான் இரண்டு இடத்திலும் தவறு. உள்நோக்கி வளைந்த சிறு பற்கள் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். சோப்புப் போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொண்டால் முடிந்தது. கடித்தது இன்னதென்று உறுதியில்லாவிட்டால் மட்டும் காத்திருந்து பார்ப்பது கூடாது.

அந்த இடத்தில் இரண்டு நாட்டு வழக்கமும் ஒருகாலத்தில் ஒரே பிழையைச் செய்தன. அமெரிக்கத் தூண்டில் பெட்டிகளில் பிளேடும் உறிஞ்சு குப்பியும் கட்டுக்கயிறும் கொண்ட பாம்புக்கடிப் பொட்டலம் ஒன்று நெடுநாள் இருந்தது. நம் ஊரில் பொட்டலம் இல்லை, பொருள் அதேதான்: துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டு, கீறு, உறிஞ்சு. இரண்டையும் மருத்துவம் இன்று தள்ளிவிட்டது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. போன பிறகு கதை மறுபடி பிரிகிறது. அங்கே விஷமுறிவு மருந்தின் ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். உயிர் பிழைத்து, பில்லைப் பார்த்து மயங்கியவர்கள் செய்தித்தாளில் வருகிறார்கள். இங்கே அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; ஆனால் மந்திரிக்கவும் பச்சிலைக்கும் போன நேரம் திரும்பி வராது. நான்கு விஷங்களுக்கும் பொதுவான அந்த மருந்துக்கு மூலவிஷம் பெருமளவு வடநெம்மேலி என்ற ஊரிலிருந்து போகிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் வரப்பிலும் புதரிலும் பிடிக்கும் பாம்புகள் கொடுப்பது அது. அவர்கள் தேடும் நான்கில் தண்ணீர்ப் பாம்பு கிடையாது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியிருப்பதால், எந்தக் கரையில் யார் கடிபட்டார் என்பது இனிமேல் கணக்கில் ஏறும்.

பாம்புக்கு மனிதரால் வரும் ஆபத்தும் இருபுறமும் ஒத்தே இருக்கிறது. அமெரிக்கர் பிடித்த மீனைச் செவுளில் சரடு கோத்து நீரிலேயே கட்டி வைப்பார். அதைத் தேடி நெரோடியா வரும், வந்ததற்குத் துடுப்படி வாங்கும். நம் கண்மாயில் தங்கூசி வலையை மாலையில் கட்டிவிட்டுக் காலையில் எடுப்பார்கள். சிக்கிய கெண்டையைத் தின்ன வந்த தண்ணீர்ப் பாம்பு தானும் சிக்கும். செதிலின் மேடு நூலில் மாட்டும், முன்னே போகப் போக இறுகும், மூச்செடுக்க மேலே வர முடியாமல் பெரும்பாலும் விடியுமுன் செத்திருக்கும். உயிரோடு இருந்தால் எடுத்துவிடுவது எளிய வேலை: தலைமேல் ஈரத் துணியைப் போட்டு, கழுத்துக்குப் பின்னால் இறுகிய இழையைக் கத்திரிக்கோலால் இரண்டு இடத்தில் நறுக்கினால் மீதியை அதுவே உருவிக்கொள்ளும். வலை போகிறதே என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு வலையின் விலை அவர்களுக்குத்தான் தெரியும்.

ஈரி ஏரியிலும் ஒருகாலத்தில் இதே பகைதான். அங்குள்ள தீவுகளில் மட்டும் வாழும் நெரோடியா கிளையினம் ஒன்று, அடிபட்டும் கரையோரம் வீடுகளாகியும் குறைந்து, 1999-இல் அமெரிக்க அரசின் அழியும் நிலை நோக்கிய உயிர்களின் பட்டியலுக்குப் போனது. அதற்குள் ஏரியில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. கப்பல்களோடு வந்திறங்கிய கோபி என்ற அந்நியச் சிறுமீன் 1990-களில் பெருகி, தூண்டில்காரர்கள் உயிரை விடும் ஸ்மால்மவுத் பாஸ் மீனின் முட்டைகளைத் தின்னத் தொடங்கியது. பாம்பு உணவை மாற்றிக்கொண்டது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கோபியே அதன் சாப்பாடாயிற்று. பாம்பு கொழுத்தது, பெருகியது, 2011-இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. மீனைத் தின்கிறது என்று அடித்த பாம்பு, அடித்தவர்களின் மீனைக் காக்கும் பாம்பாகிவிட்டது.

இங்கே தண்ணீர்ப் பாம்பு இன்னும் பழைய குற்றச்சாட்டிலேயே நிற்கிறது: குஞ்சு விட்ட குளத்தில் குஞ்சைத் தின்கிறது. தின்கிறது, உண்மைதான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்லக் கூடாது என்கிறது. மீன்பண்ணை வைத்திருப்பவர் காதில் அந்தச் சட்டம் விழுவதில்லை. ஆனால் நம் ஏரிகளுக்கும் ஒரு கோபி உண்டு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா, ஜிலேபி என்ற தமிழ்ப்பெயரோடு, கெண்டைக்கும் விராலுக்கும் இருந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கரையோர ஆழமில்லாத நீரில் விரலளவு ஜிலேபிக் குஞ்சு கூட்டம் கூட்டமாக நிற்கும். தண்ணீர்ப் பாம்பு தலையை நீர்மட்டத்தில் வைத்துக் காத்திருப்பதும் அதே ஆழமில்லாத நீரில்தான். ஈரித் தீவுகளில் பிடித்த பாம்பைக் கக்கவைத்து இரையை எண்ணினார்கள். வைகைப் பாசனத்துக் கண்மாய் ஒன்றில் அதே வேலையை யாராவது செய்து காட்டினால், மீன்பண்ணைக்காரரோடு பேச நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும்.